கோபுரம் வேண்டாம் என்று கையெழுத்துப் போடலாமா?

34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய வீடு இரண்டாவது மாடியில். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் 60 மீட்டர் தூரத்தில் நீரேற்று நிலையம். அங்குள்ள இரண்டு ஆழ்துளைக் கிணறுகளிலும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்திருப்பது சில மாதங்களுக்கு முன் தெரியவந்தது. அதிகம் கெட்டிருந்த கிணற்றை மூடிவிட்டார்கள். மற்றொன்றில் லிட்டருக்கு 23 மைக்ரோகிராம் இருப்பதாகவும், அது 'வரம்பான 20-ஐச் சற்றே தாண்டியது' என்றும் குடிநீர்த் துறை துண்டறிக்கை கொடுத்திருக்கிறது. மணிக்கு 60,000 லிட்டர் நீரைக் காற்று ஊதிச் சுத்தம் செய்யும் கோபுரம் ஒன்றை அங்கே கட்டப்போகிறார்கள். 'வெளியேறும் ஆவி காற்றில் கரைந்துவிடும்' என்பது ஒற்றை வரி விளக்கம்.

'தண்ணீரில் இருக்கிற விஷத்தை நம் ஜன்னலில் ஊதப்போகிறார்கள்' என்கிறார் மாமியார். வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். கோபுரத்தை எதிர்த்து மனு கொடுக்க அடுத்த வாரம் தெருவில் கூட்டம். வாசகி மூன்று மாதக் கர்ப்பிணி, ஐந்து வயதில் ஒரு மகனும் இருக்கிறான். இதுவரை நீரைக் கொதிக்க வைத்தும் ஆர்ஓ இயந்திரத்தில் பிடித்தும் குடித்து வந்திருக்கிறார்கள். குழாய் நீரைக் காலியான குளிர்பான பாட்டிலில் பிடித்து ஓர் ஆய்வகத்தில் கொடுத்ததற்கு 'எதுவும் இல்லை' என்று முடிவு வந்திருக்கிறது. யாரை நம்புவது, மனுவில் கையெழுத்துப் போடலாமா, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா, வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கையெழுத்தைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கோபுரம் வேண்டாம்' என்ற மனுவில் போடாதீர்கள். 'வெளியேறும் காற்றையும் வடிகட்டு' என்று மனுவை மாற்றி எழுதச் சொல்லி, அதில் முதல் கையெழுத்தாகப் போடுங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. துண்டறிக்கை அந்தப் பாதியைத்தான் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறது.

23 என்ற எண்

உலோகப் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் கரைப்பான் இது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. மண்ணில் கொட்டினால் நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கித் தங்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 2012-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிறுநீரகப் புற்றுநோய்க்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது.

துண்டறிக்கை சொல்லும் 20 பழைய கணக்கு. உலகச் சுகாதார நிறுவனமே 2022-ல் வெளியிட்ட குடிநீர் வழிகாட்டியில் 8 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. அமெரிக்காவில் வரம்பு 5. ஆகவே 23 என்பது 'சற்றே தாண்டியது' ஆகாது, 8-ஐப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் நாட்டில் எந்த வரம்பு சட்டப்படி செல்லும் என்பதைத் துறை எழுத்தில் சொல்லட்டும். ஆனால் ஒரு மருத்துவராக நான் 8-ஐத்தான் பார்ப்பேன்.

பயத்தைக் கூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் 1982-ல் எடுத்த ஒரு குடிநீர் மாதிரியில் இதே பொருள் 1,400 மைக்ரோகிராம் இருந்தது. அங்கே வசித்தவர்களிடம் பின்னாளில் காணப்பட்ட நோய்களைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு அதை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்தாதீர்கள். 23 உங்களுக்கு நாளைக்கே நோய் தரும் அளவு அல்ல, ஆண்டுக்கணக்கில் குடிக்கக் கூடாத அளவு. இன்னொன்று, 23 என்பது கிணற்றில் எடுத்த கணக்காகத் தெரிகிறது. வேறு கிணறுகளின் நீரோடு தொட்டியில் கலந்து வந்தால் உங்கள் குழாயில் குறைவாக இருக்கலாம். குழாயில் எவ்வளவு, முந்தைய சோதனைகளில் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை காலமாகக் குடித்து வருகிறீர்கள் என்பது பழைய அறிக்கைகளில்தான் இருக்கும்.

நீங்கள் பாட்டிலில் கொடுத்த மாதிரியை மறந்துவிடுங்கள். இது ஆவியாகும் பொருள். பிளாஸ்டிக் பாட்டிலில், மேலே காற்று இடைவெளியோடு, வெயிலில் எடுத்துப் போனால் ஆய்வகத்துக்குப் போவதற்குள் நிறையப் பறந்துவிடும். ஆய்வகமே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அதோடு நீங்கள் எந்தச் சோதனையைக் கேட்டீர்கள் என்பதும் முக்கியம். கிருமி, உப்பு, கடினத்தன்மை பார்க்கும் வழக்கமான குடிநீர்ச் சோதனையில் இந்தப் பொருளைத் தேடவே மாட்டார்கள். தேடாததும் கிடைக்காததும் அறிக்கையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கொதிக்க வைப்பதும் ஆர்ஓவும்

கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. இந்தக் கரைப்பான் 87 டிகிரியிலேயே கொதிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும் என்பது சரிதான். ஆனால் போய்ச் சேரும் இடம் உங்கள் சமையலறைக் காற்று. அடுப்பருகில் நிற்பவர் நீங்கள். இந்த ஒரு காரணத்துக்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்துங்கள். கிருமி பற்றித் துறை தனியாக எச்சரித்தால் மட்டும் ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஆர்ஓ இயந்திரத்தில் இந்த விஷயத்தில் வேலை செய்வது பெரும்பாலும் அந்தச் சவ்வு இல்லை. இவ்வளவு சிறிய, ஆவியாகும் மூலக்கூறுகளைப் பிடிக்கச் சவ்வை நம்ப முடியாது. கூடவே இருக்கும் கார்பன் குழல்தான் பிடிக்கிறது. அதற்கும் கொள்ளளவு உண்டு. நிறைந்துவிட்டால் வருவதை அப்படியே விட்டுவிடும். சுவையிலோ மணத்திலோ எதுவும் தெரியாது, ஏனென்றால் இந்த அளவில் இதற்கு மணமே கிடையாது. உங்கள் இயந்திரத்தின் கார்பன் குழலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நினைவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். புதிதாக வாங்குவதானால் ஆவியாகும் சேர்மங்களை நீக்குவதற்கு, என்எஸ்எஃப் 53 என்ற அமெரிக்க வடிகட்டித் தரச்சான்று பெற்றதா என்று பாருங்கள். கர்ப்ப காலம் முடியும்வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு மூலத்திலிருந்து வரும் நீர் கிடைத்தால் அதுவே மேல். துறையிடம் அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐநா பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. அதை வைத்து நேராக வழக்குப் போட முடியாவிட்டாலும், 'தயவுசெய்து' என்று தொடங்கும் கடிதத்தை நிமிர்ந்து எழுத உதவும்.

கோபுரத்தைவிட அருகில் இருக்கும் குளியலறை

கோபுரத்தில் என்ன நடக்கிறது? மேலிருந்து நீர் பிளாஸ்டிக் துண்டுகளின் மீது வழிந்து இறங்கும். கீழிருந்து விசிறி காற்றை ஊதும். நீரில் இருக்கும் கரைப்பான் காற்றுக்குத் தாவிவிடும். சரியாகக் கட்டி ஓட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குவரை நீக்க முடியும். ஆனால் அழிவது எதுவுமில்லை, இடம்தான் மாறுகிறது. மாமியார் சொல்வதில் உள்ள உண்மை இதுதான்.

எவ்வளவு மாறுகிறது? துண்டறிக்கையின் எண்களை வைத்தே கணக்குப் போடலாம். மணிக்கு 60,000 லிட்டர், லிட்டருக்கு 23 மைக்ரோகிராம். பெருக்கினால் மணிக்கு 1.4 கிராம் வருகிறது, நாளுக்கு 33 கிராம். திரவமாக அளந்தால் ஐந்து டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. நீரைப்போல 30 மடங்கு காற்றை ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கோபுர வாயில் ஒரு கன மீட்டர் காற்றில் 770 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். வாழ்நாள் முழுவதும் சுவாசித்தாலும் பாதகமில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வைத்த அளவு 2 மைக்ரோகிராம். வாயிலிருந்து உங்கள் ஜன்னலுக்கு வருவதற்குள் 400 மடங்கு நீர்த்துப்போனால் அந்த அளவுக்குள் வந்துவிடும்.

தரையில் நடமாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே நீர்த்துப்போகும். காற்று தினமும் ஒரே திசையில் அடிப்பதும் இல்லை. உங்கள் நிலைமை வேறு. கோபுரத்தின் வாயும் உங்கள் இரண்டாவது மாடி ஜன்னலும் ஒரே உயரத்தில் இருந்தால், காற்று அசையாத இரவுகளில் 2-ஐத் தாண்ட வாய்ப்பு இருக்கிறது. சராசரியை வைத்து இதை மறைத்துவிட முடியும். 'கரைந்துவிடும்' என்ற ஒரு சொல் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது இதே கணக்கைக் குளியலறைக்குப் போடுங்கள். ஷவரில் ஒருமுறை குளிக்க 60 லிட்டர் என்றால், அதில் 1,380 மைக்ரோகிராம் இருக்கிறது. சூடான நீர் துளித்துளியாகச் சிதறும்போது பாதிக்கு மேல் காற்றுக்குப் போய்விடும். ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில், குளித்து முடிக்கும் நேரத்தில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தொடும். கோபுரம் வராமல் போனால் நீரில் உள்ளது முழுவதும் உங்கள் வீட்டுக்குள் வந்து, உங்கள் தலைக்கு மேலேயே காற்றில் கலக்கும். புகைபோக்கிகூட இல்லாத கோபுரம் அது. குளிப்பதால் உடலுக்குள் போவது, குடிப்பதால் போவதோடு ஒப்பிடக்கூடிய அளவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. குடிநீரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கோபுரம் ஓடத் தொடங்கும்வரை ஷவரை விட்டுவிட்டு வாளியில், வெதுவெதுப்பான நீரில், சீக்கிரமாகக் குளியுங்கள். ஜன்னலோ விசிறியோ திறந்திருக்கட்டும். மகனுக்கும் அப்படியே.

கிணற்றையே மூடிவிட்டால் என்ன என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேறு நல்ல நீர் போதுமான அளவு இருந்தால் மூடலாம். ஆனால் இறைப்பதை நிறுத்தினால் நிலத்தடியில் இருக்கும் மாசு அங்கேயே நிற்காது, நீரோட்டம் போகும் பக்கம் நகரும். அந்தப் பக்கம் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களுக்குச் சோதனையும் கிடையாது, துண்டறிக்கையும் கிடையாது. இறைப்பது மாசைப் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

வெளியேறும் காற்றைக் கார்பன் தொட்டிகள் வழியாக விடுவார்களா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்று போதாது, அடுத்தடுத்து இரண்டு வேண்டும். முதல் தொட்டி நிறைந்து கசியத் தொடங்கும்போது இரண்டாவது பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்றைச் சோதித்தால் மாற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும். ஈரக் காற்றில் கார்பன் சரியாகப் பிடிக்காது. அதனால் தொட்டிக்குள் போகும் முன் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எதிரில் இருக்கும் பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார்.

கோபுரமே இல்லாமல் நீரையே நேராகக் கார்பன் வழியாக விட்டால் என்ன? 23 போன்ற குறைந்த அளவுக்கு, வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில், யோசிக்க வேண்டிய வழிதான். காற்றுக்கு எதுவும் போகாது. கார்பனை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், செலவு கூடலாம். ஏன் இதை ஒதுக்கினார்கள் என்று எழுத்தில் காரணம் கேளுங்கள்.

வினைல் குளோரைடு இருக்கிறதா என்று பார்த்தார்களா? காற்றில்லாத நிலத்தடியில் உங்கள் கரைப்பான் சிதைந்து இதுவாக மாறக்கூடும். இதுவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு வெறும் 0.3 மைக்ரோகிராம். கார்பன் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. இது இருந்தால் நான் மேலே சொன்ன கார்பன் யோசனைகள் இரண்டையுமே மறுபடி பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கூட்டத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் யாருக்கும் தோன்றாத கேள்வி.

மாசு மேல்மட்ட நிலத்தடி நீரில் இருந்தால், ஆவி மண் வழியாக ஏறித் தரைத்தள வீடுகளுக்குள் விரிசல் வழியே வரலாம். உங்கள் மாடிக்கு வருவது குறைவு, கீழ் வீட்டுக்காரர்களுக்காகக் கேளுங்கள். அப்புறம் விசிறிச் சத்தம். இரவு பகலாக ஓடும் இயந்திரம் 60 மீட்டரில் என்றால் தூக்கம் கெடும். வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தத்தின் ஆண்டுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவுக்கென 2009-ல் வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி. ஒலித்தடுப்பு உறையைத் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு சேர்ப்பது நடக்காது.

கோபுரம் ஓடத் தொடங்கிய பிறகு குழாய் நீர் பால்போல வெளுப்பாக வரலாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, பயமில்லை. தெளியாவிட்டால் புகார் செய்யுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

இந்தக் கேள்வியைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை அதிகம் வருத்துவது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கர்ப்பிணி எலிகளுக்கு இந்தப் பொருளை நீரில் கலந்து கொடுத்தபோது குட்டிகளின் இதயத்தில் குறைபாடு வந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. விவாதம் முடியவில்லை என்பதால்தான் கர்ப்பிணிகள் விஷயத்தில் நாங்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறோம். உங்களுக்கு நடந்த தொடர்பு இந்த அளவில் என்றால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்று யோசிக்கவே காரணமில்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். குழந்தையின் இதயத்தைத் தனியாகப் பார்க்கும் எக்கோவும் அதையொட்டி எடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். குடிக்கும் நீரையும் குளிக்கும் முறையையும் இன்றே மாற்றுவதுதான் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்தப் பொருள் ரத்தத்தில் ஓரிரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. சிறுநீரில் தெரியும் அதன் சிதைவுப் பொருள் சில நாள் கூடுதலாக இருக்கும், ஆனால் சாதாரணக் குளோரின் கலந்த நீரைக் குடித்தாலும் அதே பொருள் தெரியும். இருக்கிறது என்று வந்தாலும் எதிர்காலத்தில் நோய் வருமா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இல்லை என்று வந்தால் பொய்யான நிம்மதிதான். உடலிலிருந்து நச்சை இறக்குவதாகச் சொல்லி யாராவது பொடியோ டீயோ விற்க வந்தால், கர்ப்பிணி என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் உடல் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

கணவரின் யோசனை பற்றி ஒரு வார்த்தை. வீட்டை விற்பது தவறில்லை. ஆனால் இப்போது விற்றால் பயத்தின் விலைக்குத்தான் போகும். வாங்குபவரிடம் இந்த மாசு பற்றிச் சொல்லாமல் மறைத்து விற்றால் பின்னால் சட்டச் சிக்கல் வரலாம், அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரத்தின் முதல் ஆறு மாத நீர், காற்று அளவீடுகள் கைக்கு வந்த பிறகு முடிவெடுத்தால் விலைக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. அளவீடுகளை மாதாமாதம் நிலையத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும் என்பதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். எப்போது நிறுத்துவார்கள் என்பதையும் கேளுங்கள். எந்த அளவைத் தாண்டினால் கோபுரத்தை நிறுத்துவார்கள், அப்போது உங்களுக்கு யார் எப்படித் தெரிவிப்பார்கள், அன்றைக்கு நீர் எங்கிருந்து வரும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால், கோபுரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் கையெழுத்தைத் தாமதப்படுத்துவேன்.

பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வரும். கொடுக்கலாம். அதற்குள் நீரை மாற்றியிருப்பீர்கள், பாலில் தேங்கி நிற்கும் பொருளும் இல்லை இது. கலக்கும் தூளைவிட, அதைக் கலக்கும் நீரைவிட, தாய்ப்பாலே பாதுகாப்பு.